தலையணையில் சாய்த்து வைத்த போன்

சாயங்காலம் நான்கு மணி இருக்கும். மழை பிடித்துக்கொண்டது. கட்டிலில் இரண்டு தலையணைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, அதில் போனைச் சாய்த்து நிறுத்தினேன். போனின் முகம் எதிரே இருந்த இரும்பு அலமாரியைப் பார்த்தது. நான் தள்ளி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே இருந்தால் போன் என்னைப் பார்க்காது. நான் மட்டும் ஓரக்கண்ணால் போனைப் பார்க்கலாம்.

மணி அடித்தது. மருமகள் தேவி சொல்லிக் கொடுத்தபடி பச்சையைத் தொட்டு மேலே தள்ளினேன்.

“அக்கா.”

சிங்கப்பூரில் இருந்து என் தங்கை சரசு. தலையில் ஊதா நிறத் துணித் தொப்பி. மருந்து ஏற்றியதில் முடி எல்லாம் கொட்டிவிட்டது. அப்படி இருந்தும் முகத்தை நேராகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“இன்னிக்கும் அலமாரிதானா? நான் என்ன, அலமாரிகிட்ட நலம் விசாரிக்கிறதா?”

“போன் ரோசாக் சரசு. திரும்ப மாட்டேங்குது.”

“போனு கெட்டுப் போச்சா, நீ கெட்டுப் போனியா?”

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டு இருந்தது. அவள்தான் மறுபடியும் பேசினாள்.

“லைட்டப் போடுக்கா. இருட்டுல உக்காந்து பேசாத.”

“உனக்குத்தான் நான் தெரியலயே. இருட்டு எப்படித் தெரியும்?”

“அலமாரி இருட்டா இருக்கு. போடு.”

எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு மறுபடியும் வந்து ஓரத்தில் உட்கார்ந்தேன். சரசு கண்ணை இடுக்கிக்கொண்டு திரையையே பார்த்தாள். லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“இருக்கியா, சரசு?”

“இருக்கேன், இருக்கேன். நீ சாப்பிடுறியாக்கா ஒழுங்கா? குரல் மெலிஞ்சு போச்சு.”

படம் கேட்ட பெண்

நான் தொடர் எழுதும் இந்தப் பத்திரிகை அலுவலகத்தில் இருந்து போன மாதம் ஒரு பெண் கூப்பிட்டது. நல்ல பிள்ளை, மரியாதையான பேச்சு. “அம்மா, தொடர்ல உங்க படம் போடணும். வீடியோ கால்ல வாங்க, நானே எடுத்துக்கிறேன்” என்றது. வேண்டாம் என்றேன்.

“ஏம்மா, எல்லாப் பாட்டிங்களும் இப்ப போன்லயே சமையல் செஞ்சு காட்டுறாங்க. உங்களுக்குப் போனுன்னா பயமா?”

வெட்கம் என்று சொன்னேன். சிரித்துவிட்டு வைத்தது.

வெட்கம் என்பதும் பொய்யில்லை. நான் பிறந்த நாளில் இருந்து அப்படித்தான். செடெனாக் பக்கம் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் படித்தேன். ஒரு நாள்கூட எழுந்து நின்று வாசித்தது இல்லை என்று முன்பே எழுதியிருக்கிறேன். எழுதுவது வேறு. காகிதம் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் போனில் முகம் காட்டாததற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை. அந்தப் பெண்ணிடம் அதைப் போனில் சொல்ல முடியவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

அம்மா இழுத்து மூடிய முந்தானை

தோட்டத்து மண்டபத்துக்கு முதல் முதலாக டிவி வந்த காலம். மரப் பெட்டிக்குள் அது இருக்கும். பெட்டிக்கு இரண்டு கதவு, ஒரு பூட்டு. சாவி கிராணி வீட்டில். கணக்குப்பிள்ளையை அப்போது நாங்கள் கிராணி என்போம். சாயங்காலம் அவர் வந்து கதவைத் திறந்ததும் நாங்கள் எல்லாரும் பாயை விரித்து உட்காருவோம்.

செய்தி வாசிக்க ஒரு ஆள் வருவார். கோட்டு, டை, நன்றாகச் சீவிய தலை. அவர் வந்ததும் எங்கள் அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வார். அவர் போகும் வரை நிமிரமாட்டார்.

எல்லாரும் சிரிப்பார்கள். கிராணி சம்சாரம் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

“என்ன மீனாட்சி, மாப்பிள்ள பாக்க வந்துட்டாரா?”

“அந்தாளு நேரா நம்மளயே பாக்குறாரும்மா.”

“அவருக்கு நீ தெரிய மாட்ட.”

“அவருக்குத் தெரியலன்னா எதுக்கு வணக்கம் சொல்றாரு?”

கிராணி சம்சாரம் சிரித்துக்கொண்டே டிவி பக்கம் திரும்பிவிட்டார். நானும் அன்றைக்கு அம்மாவைப் பார்த்து வெட்கப்பட்டேன். சரசுதான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுக்கு அப்போது ஏழு எட்டு வயது. எனக்கு அவளைவிட ஐந்து வயது அதிகம். சரசு தானும் தாவணி போல ஒரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள். அம்மா தனியாகச் சிரிப்புக்கு ஆளாகக் கூடாது என்று.

டேப்பில் விழுந்த வளையல்

எங்கள் வீட்டுக்காரர் அம்மாவுக்கு நேர் எதிர். புதிதாக எது வந்தாலும் அவருக்குக் கை நீளும். தோட்டத்தில் முதல் டேப் ரெக்கார்டர் அவர் வாங்கியதுதான். ஒரு வாரம் நாங்கள் கருவாடு மட்டும் சாப்பிட்டோம்.

சரசு கல்யாணமாகிச் சிங்கப்பூர் போன பிறகு அவளுக்குக் கடிதம் எழுதுவதை அவர் நிறுத்திவிட்டார். டேப்பில் பேசி, அக்கரையில் வேலை செய்யும் ஒரு தோட்டத்துக்காரரிடம் கொடுத்து அனுப்புவார். “சரசு, மாமா பேசுறேன். இங்க மூணு நாளா மழ, பால் வெட்டு இல்ல. வீட்டுல உக்காந்து உங்க அக்காகிட்ட திட்டு வாங்குறேன்.” இப்படி அரை மணி நேரம் பேசுவார்.

பிறகு டேப்பை என் பக்கம் நீட்டுவார். “பேசு. உன் தங்கச்சிதான.” நான் வாயில் கையை வைத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விடுவேன். ஒரு தடவைகூடப் பேசவில்லை.

சரசு பதில் டேப் அனுப்பினாள். அதை இன்று வரை மறக்கவில்லை. “மாமா, நீங்க பேசுறப்ப பின்னால அம்மிச் சத்தம் கேட்டுச்சு. கூடவே வளையல் சத்தம். அக்கா மசாலா அரைக்கிது. அந்த இடத்தத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டேன். அக்காகிட்ட சொல்லுங்க, அடுத்த தடவையும் நீங்க பேசுறப்ப எதாச்சும் அரைக்கச் சொல்லுங்க.”

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அடுத்த தடவை அவர் டேப்பைத் தட்டியதும், அரைக்க ஒன்றும் இல்லாமல், ஊறப்போட்ட அரிசியை எடுத்து வைத்து நான் அரைத்தேன்.

எங்கள் வீட்டு வழக்கம்

தொற்று நோய்க்காகச் சிங்கப்பூருக்குப் போகும் பாலத்தை மூடி வைத்த காலம் எல்லாருக்கும் நினைவிருக்கும். மூடிய இரண்டாவது மாதம் எங்கள் வீட்டுக்காரர் போனார். காலையில் காப்பி குடித்துக்கொண்டு இருந்தவர், டம்ளரைக் கீழே வைத்தார். அவ்வளவுதான்.

காரியத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் வர அனுமதி இல்லை. சரசு அக்கரையில் கிடந்து அழுதாள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மணி நேரப் பயணம்தான். கூலாயில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருந்து பஸ் பிடித்தால், ஒரு வெற்றிலை மென்று முடிப்பதற்குள் பாலம் வந்துவிடும். அந்தத் தூரத்தைத் தாண்ட முடியவில்லை.

பதினாறாம் நாள் தாலியை இறக்கினார்கள். வளையலையும் எடுத்தார்கள். நெற்றியைத் துடைத்தார்கள்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற வீடுகளில் இருக்கிறதா என்று தெரியாது. தாலி இறக்கியவளின் முகத்தைக் கூடப்பிறந்தவள், அவள் தாலி உள்ளவளாக இருந்தால், வருஷத் திதி முடியும் வரை பார்க்கக் கூடாது. பார்த்தால் பார்த்தவளுக்கு ஆகாது. பேசலாம். சாப்பாடு கொடுத்து அனுப்பலாம். முகம் மட்டும் கூடாது.

எங்கள் சின்னம்மா தாலி இறக்கியபோது அம்மா பக்கத்து வீட்டில்தான் இருந்தார். ஒரே லயம், நடுவில் ஒரு பலகைச் சுவர். ஒரு வருஷம் அம்மா அந்தச் சுவருக்கு இந்தப் பக்கமும் சின்னம்மா அந்தப் பக்கமும் உட்கார்ந்து பேசினார்கள். பலகையில் ஓட்டை இருந்த இடத்தில் அம்மா காலண்டர் தாளை ஒட்டி வைத்தார். நானும் சரசுவும் அந்தத் தாளைப் பார்த்து வளர்ந்தோம். அதனால் இதை எனக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டியதில்லை.

சரசு மட்டும்தான் பார்க்கக் கூடாது என்றில்லை. நானே என் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். அறையில் அந்த இரும்பு அலமாரி மட்டும்தான் கண்ணாடி வைத்தது. தோட்டம் மூடியபோது கிடைத்த பணத்தில் அவர் வாங்கிப் போட்டது. குளிக்கப் போகும்போது நெற்றியில் இருக்கும் ஒட்டுப் பொட்டை எடுத்து அந்தக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போவது என் பழக்கம். எத்தனையோ வருஷத்துப் பொட்டுகள் அதில் வரிசையாக இருந்தன. பதினாறு முடிந்ததும் தேவி எல்லாவற்றையும் சுரண்டி எடுத்தாள். மெரூன் நிறத்தில் ஒன்று மட்டும் நகத்துக்கு வராமல் இறுகிக் கிடந்தது. விடு என்றேன். அதன் பிறகு அலமாரியைத் திறக்கும்போதும் தலையைக் குனிந்துகொண்டே திறப்பேன்.

சாமிக்கு ஒரு நியாயமா

அவர் இருந்தவரை சரசுவோடு வீடியோவில் பேசுவது அவர்தான். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று தலையாட்டுவேன். அவர் போன பிறகு போன் என் கைக்கு வந்தது. தேவி ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தாள். செனாயில் தொழிற்சாலை வேலை அவளுக்கு. ஷிப்ட் முடிந்து வந்து களைப்போடு என் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவாள்.

கொஞ்ச மாதத்தில் சரசுவுக்கு வயிற்றில் கட்டி என்று சொன்னார்கள். முற்றிவிட்டது என்றும் சொன்னார்கள். அன்றிலிருந்து ஒரே கேள்வி. “அக்கா, முகத்தக் காட்டு.” நானும் அலமாரியைக் காட்டிக்கொண்டு இருந்தேன்.

தேவிக்குக் கோபம்.

“அத்தே, அவங்க உடம்பு முடியாதவங்க. ஆசப்பட்டுக் கேக்குறாங்க. காட்டுனா என்ன?”

“வருஷம் ஆகட்டும் தேவி.”

“அது நேர்ல பாக்குறதுக்கு அத்தே. இது போன். இதுல தெரியுறது முகம் இல்ல, படம்.”

“நேத்து நீ என்ன செஞ்ச?”

“என்ன செஞ்சேன்?”

“கோயில்ல அபிஷேகத்தப் போன்ல காட்டுனாங்க. நீ செருப்பக் கழட்டி வச்சுட்டு நின்ன. தீபாராதன காட்டுறப்ப போனத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்ட. படந்தான அது?”

தேவி தன் கையில் இருந்த போனைப் பார்த்தாள்.

“சாமியோட பலன் போன் வழியா வருதுன்னா, என் முகத்தோட தோஷமும் வருந்தான?”

“அலமாக், உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது” என்று எழுந்து போய்விட்டாள். அவள் தோற்றதில் எனக்குச் சந்தோஷம் இல்லை. அவள் ஜெயித்திருக்க வேண்டும் என்றுதான் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

இதைத்தான் அந்தப் பத்திரிகைப் பெண்ணிடம் சொல்ல நினைத்தேன். புதிய சாமானை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் எல்லாம் அதை நம்பாதவர்கள் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரருக்கு டேப்பும் டிவியும் போனும் விளையாட்டுச் சாமான். அதனால் பயமில்லை, உடனே கை நீட்டினார். அம்மாவுக்கு டிவியில் வந்தவர் நிஜமான ஆள். எனக்குப் போனில் தெரியும் முகம் நிஜமான முகம். ரொம்ப நம்பிவிட்டோம். அதனால்தான் மூடிக்கொண்டோம்.

சரசு கேட்பதை நிறுத்தினாள்

ஒரு நாள் சரசு வெளிப்படையாகவே பேசிவிட்டாள். மழை நாளுக்கு ஒரு வாரம் முன்னால்.

“எதுக்கு ஒளியிறன்னு தெரியும்க்கா. காலண்டர் தாள ஒட்டி வச்சிருக்க.”

“தெரிஞ்சா கேக்காத.”

“எனக்கு இனிமே ஆகுறதுக்கு என்ன இருக்கு?”

“அப்படிச் சொல்லாதடி. மருந்து ஏத்துறாங்கல்ல. என்னால ஒண்ணு ஆயிடக் கூடாது உனக்கு. வருஷம் முடியட்டும். அன்னிக்குக் காலையிலயே நானே கூப்பிடுறேன். நாள் பூரா பாரு.”

“வருஷம் முடியிற வரைக்கும் நான் இருக்கணுமே.”

“இருப்ப.”

“நீ சொன்னா டாக்டர் கேட்டுக்குவாரு” என்று சிரித்தாள். சிரித்தால் அவளுக்கு இருமல் வந்துவிடும். இருமி முடித்துவிட்டுச் சொன்னாள். “வளையல் சத்தமும் இல்ல. அலமாரியும் பேச மாட்டேங்குது. நீ இருக்கன்னு எத வச்சு நான் நம்புறது?”

அதற்கு அடுத்து வந்ததுதான் அந்த மழை நாள். விளக்கைப் போடச் சொன்ன நாள்.

அன்றிலிருந்து அவள் முகத்தைக் காட்டு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். ஆனால் முன்னைவிட அதிகமாகக் கூப்பிட்டாள். முன்பு வாரம் ஒரு தடவை. பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். எப்போதும் நான்கு மணி. மருந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்த நேரம்.

கூப்பிட்டதும் முதலில் விளக்கைப் போடச் சொல்வாள். அப்புறம், “குரல் சரியா வரல. தலகாணி பக்கமா கொஞ்சம் தள்ளி உக்காரு” என்பாள். தள்ளுவேன். “ரொம்பத் தள்ளிட்ட.” கொஞ்சம் பின்னால் வருவேன். “நிமிந்து உக்காருக்கா, கூன் போட்டா குரல் நெஞ்சுலயே நின்னுடும்.” நிமிருவேன். போனின் மூலையில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கட்டம் உண்டு. நம் பக்கத்தில் என்ன தெரிகிறது என்று அது காட்டும். எனக்குக் கண்ணில் புரை. சாம்பல் நிறத்தில் அலமாரி மாதிரி ஏதோ தெரியும். அலமாரிதான் தெரிகிறது என்று நிம்மதியாக இருப்பேன்.

ஒரு நாள் நான் தேவியின் ஷிப்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டு இருந்தேன். சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. சரசு திடீரென்று கொல்லென்று சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“என்னடி?”

“ஒண்ணுமில்லக்கா. இங்க ஒரு வேடிக்க.”

“எங்க?”

“மூக்கு மேல” என்றாள். ஈயோ கொசுவோ உட்கார்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியாக அவள் கூப்பிட்டது ஒரு வெள்ளிக்கிழமை. குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருந்தது. அவள் மகள் கவிதா போனைப் பிடித்திருந்தாள். பிறகு, “குடு, நானே வச்சுக்கிறேன், நீ போயி கஞ்சிய எடுத்துட்டு வா” என்று மகளை அனுப்பிவிட்டாள்.

“அக்கா, தலகாணி பக்கம்.”

தள்ளினேன்.

“இன்னும் கொஞ்சம். தலையத் தூக்கு. ஹாங். அங்கயே இரு. அசையாத.”

அசையாமல் இருந்தேன். அவள் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. திரையையே பார்த்துக்கொண்டு இருந்தாள். சுவர்க் கடிகாரம் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது.

“சரசு, லைன் இருக்கா?”

“இருக்கு. நல்லாருக்குக்கா. இப்பதான் நல்லாருக்கு.”

“குரலா?”

“ஆமா. குரல்தான்.”

அடுத்த புதன்கிழமை காலையில் போய்விட்டாள். எங்கள் வீட்டுக்காரரின் வருஷத் திதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது.

போனில் பார்த்த சாவு

பாலம் அப்போதும் திறக்கவில்லை. கவிதா வீடியோவில் கூப்பிட்டாள். “பெரியம்மா, அம்மாவப் பாருங்க.”

போனைத் தலையணையில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். இனி யாருக்கு என்ன ஆகிவிடப் போகிறது.

சரசுவைச் சுமங்கலியாக அலங்காரம் பண்ணியிருந்தார்கள். தொப்பியை எடுத்துவிட்டு, முடி இல்லாத தலையை மல்லிகைச் சரத்தால் மூடியிருந்தார்கள். நெற்றியில் காசு அளவுக்குக் குங்குமம். அவள் புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார்.

“சரசு, அக்கா வந்திருக்கேன் பாரு” என்றேன். போனை இன்னும் கிட்டே கொண்டு போனேன். மூலைக் கட்டத்தில் வெறும் நெற்றியோடு ஒரு கிழவி முகம் வந்து நின்றது. அது யார் என்று எனக்கு உடனே விளங்கவில்லை.

நாள் பூரா பாரு என்று அவளிடம் சொல்லியிருந்தேன். காட்டிக்கொண்டே இருந்தேன். கவிதா கை வலித்துப் போனை இறக்கும் வரை காட்டினேன்.

பாலம் திறந்த பிறகு

பாலம் திறந்து இரண்டு மாதம் கழித்துக் கவிதா வந்தாள். சரசுவின் சேலை இரண்டு, ஒரு குங்குமச் சிமிழ், அவளுடைய பழைய போன். எல்லாவற்றையும் இந்தக் கட்டிலில் பரப்பி வைத்தாள்.

“பெரியம்மா, ஒண்ணு கேக்கணும். அம்மா போன்ல உங்க அலமாரி படமா எடுத்து வச்சிருக்காங்க. பேசுறப்பவே ஸ்கிரீன்ஷாட் எடுத்துருக்காங்க. பதினஞ்சு இருவது இருக்கும். கடைசில அவங்களுக்கு நெனப்பு கொஞ்சம் தடுமாறுச்சு. அதனாலயா?”

“தெரியலயே பிள்ள. காட்டு.”

அதற்குள் என் கண்ணில் புரை எடுத்திருந்தார்கள். கவிதா படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். முதல் படம் மழை நாள். சாம்பல் நிற அலமாரி. நடுவில் நீளமாகக் கண்ணாடி. கண்ணாடிக்குள் விளக்கு வெளிச்சத்தில் நான் உட்கார்ந்திருந்தேன்.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. கட்டிலின் ஓரத்தில், கூன் விழுந்து, வாயில் கையை வைத்துக்கொண்டு, ஓரக்கண்ணால் போனைப் பார்த்தபடி நான். பொட்டில்லாத நெற்றி. ஒளிந்திருக்கிறேன் என்று நான் நினைத்த இடத்தில் முழுதாகத் தெரிந்துகொண்டு இருந்தேன்.

“அய்யோ, நீங்களா இது? நான் அலமாரின்னுல்ல நெனச்சேன்” என்றாள் கவிதா.

அடுத்த படம். நான் தலையணைப் பக்கம் கொஞ்சம் தள்ளியிருந்தேன். கன்னத்தில் மெரூன் நிறத்தில் ஏதோ ஒரு புள்ளி. அடுத்ததில் அந்தப் புள்ளி காதுக்கு மேல். அடுத்ததில் தோளில். ஒன்றில் சரியாக மூக்கின் நுனியில். அந்தப் படத்தில் நான் எதையோ மும்முரமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறேன்.

கண்ணாடியில் நகத்துக்கு வராமல் ஒட்டிக்கிடந்த பொட்டு.

கவிதா ஒவ்வொன்றாகத் தள்ளினாள். தள்ளி உட்கார், நிமிர்ந்து உட்கார், ரொம்பத் தள்ளிட்ட. எல்லாம் என் காதில் கேட்டது. கடைசிப் படம் வெள்ளிக்கிழமை எடுத்தது. அதில் நான் தலையைத் தூக்கி அசையாமல் இருக்கிறேன். பொட்டு என் நெற்றியில், இரண்டு புருவத்துக்கும் நடுவில், நான் நாற்பது வருஷம் வைத்துக்கொண்ட அதே இடத்தில் இருந்தது.

கவிதா அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கு வரவில்லை.

அன்றிலிருந்து ஒன்றையே போட்டு உருட்டிக்கொண்டு இருக்கிறேன். வழக்கம் உண்மை என்றால், மழை நாளிலேயே என் முகம் அவளைத் தொட்டுவிட்டது. பொய் என்றால், சாகப்போகிற தங்கையிடம் அத்தனை மாதம் சும்மா ஒளிந்திருந்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு ஆறுதல் இல்லை. சரசு என்ன நினைத்தாள் என்றும் தெரியவில்லை. வழக்கத்தை அவள் நம்பினாளா, இல்லை நான் நம்புகிறேன் என்பதற்காக என் நெற்றிக்கு ஒரு பொட்டைத் தேடி வைத்து, பொட்டு வைத்த அக்காவாக என்னைப் பார்த்துக்கொண்டாளா. அம்மாவோடு சேர்ந்து தலையைக் குனிந்துகொண்ட பிள்ளை அவள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் குரலைப் பற்றித்தான் கேட்டேன்.

பத்திரிகைக்காரப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை. படம் இல்லாமலே போடுங்கள் அம்மா. என் படம் ஒன்று இருக்கிறது. அதை எடுத்தவளைக் கேட்காமல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போதும் சில நாள் நான்கு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்காருகிறேன். நிமிர்ந்து கண்ணாடியைப் பார்க்கிறேன். தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டேன், நான் இருக்கும் இடத்தில் இருந்து பார்த்தால் அந்தப் பொட்டு என் நெற்றியில் வருவதில்லை. தலையணையில் போன் இருந்த இடத்தில் இருந்து பார்த்தால்தான் வரும்.

அது சரசு இருந்த இடம்.